'அதர்' என்று 214 ஜிபி காட்டுகிறது, என் வீடியோக்கள் எந்தக் கணக்கில் போயின?

மின்னல்காமிரா எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுப்பது என் தொழில். 512 ஜிபி எஸ்எஸ்டி போட்ட விண்டோஸ் 11 லேப்டாப் ஒன்றை வைத்துத்தான் மொத்த வேலையும் ஓடுகிறது. முந்தாநாள் ஒரு ரிசப்ஷன் வீடியோவை 4கே-யில் எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன், திரும்பி வந்து பார்த்தால் இடம் போதாமல் பாதியிலேயே நின்றிருந்தது. சரி, எது இவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் திறந்து பார்த்தேன். அங்கே காட்டிய கணக்குதான் எனக்குப் புரியவே இல்லை.

சி டிரைவ் மொத்தம் 475 ஜிபி, பயன்பாட்டில் 441. அதில் அதர், அதாவது 'மற்றவை', 214, ஆப்ஸ் 71, சிஸ்டம் அண்ட் ரிசர்வ்டு 58, பிக்சர்ஸ் 31, டெஸ்க்டாப் 24, டெம்பரரி 19, வீடியோஸ் 12, டாக்குமெண்ட்ஸ் 6, மிச்சம் சில்லறை 6.

வீடியோ வெறும் 12 ஜிபியா? என் பிழைப்பே வீடியோ. போன வைகாசியில் எடுத்த நான்கு கல்யாணம் மட்டுமே நூறு ஜிபியைத் தாண்டும், அவை எல்லாம் சி டிரைவில் 'வொர்க்ஸ்' என்ற ஃபோல்டரில் பத்திரமாகத் திறந்து ஓடுகின்றன. பெரும்பாலும் கேமரா தரும் எம்டிஎஸ் ஃபைல்கள், கொஞ்சம் எம்பி4. டபுள் கிளிக் செய்தால் உடனே பிளேயரில் ஓடுகிறது, அப்படியென்றால் அது வீடியோ என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துதானே இருக்கிறது? பிறகு எதற்கு 'அதர்' என்கிறது? என் ஃபோனில் வீடியோ, படம், பாட்டு என்று ஒழுங்காகப் பிரித்துக் காட்டுகிறது, ஃபோனுக்குத் தெரிந்தது லேப்டாப்புக்குத் தெரியாதா?

ஒரு நண்பர் 'அதர் என்றால் குப்பைதான், ஏதாவது கிளீனர் போட்டு அழித்துவிடு' என்கிறார். கஸ்டமர் வீடியோ உள்ளே இருக்குமோ என்று பயந்து கை வைக்காமல் இருக்கிறேன். அப்புறம் 512 வாங்கினால் 475 காட்டுவது ஏன் என்பதையும் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.


வட்டுக்காவலன் எழுதியது:

தம்பி, முதலில் எதையும் அழிக்காதீர்கள், கிளீனர் எதையும் இறக்காதீர்கள். உங்கள் பயம் நியாயமானது. அந்த 214-க்குள்தான் உங்கள் கல்யாண வீடியோக்கள் இருக்கின்றன.

விண்டோஸின் அந்த ஸ்டோரேஜ் பக்கம் ஒரு ஃபைல் என்ன வகை என்று பெரும்பாலும் பார்ப்பதே இல்லை, அது எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. உங்கள் பெயரில் விண்டோஸ் போட்டுக் கொடுத்த வீடியோஸ் ஃபோல்டருக்குள் இருப்பது 'வீடியோஸ்', பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் இருப்பது 'பிக்சர்ஸ்', டெஸ்க்டாப்பில் கிடப்பது 'டெஸ்க்டாப்'. நீங்களாகச் சி டிரைவில் நேரடியாக ஒரு ஃபோல்டர் போட்டால் அது எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாத பிள்ளை மாதிரி, அதற்குள் எம்பி4 இருந்தாலும் எக்ஸெல் இருந்தாலும் 'அதர்'தான். ரேஷன் கார்டில் பெயர் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக் கணக்கு, அவ்வளவுதான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வொர்க்ஸிலிருந்து ஒரு பெரிய ஃபைலை மட்டும் வீடியோஸ் ஃபோல்டருக்குக் கட் பேஸ்ட் செய்துவிட்டு, ஸ்டோரேஜ் பக்கத்தை மூடித் திறந்து பாருங்கள், அந்த ஜிபி அதரிலிருந்து வீடியோஸுக்கு மாறியிருக்கும். ஃபைலில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. அப்புறம் அந்த 'அதர்' என்ற வரியையே கிளிக் செய்யுங்கள், தனக்கு வகை பிரிக்கத் தெரியாத பெரிய ஃபோல்டர்களை அளவோடு வரிசையாகக் காட்டும். நிறையப் பேர் அந்த வரியைக் கிளிக் செய்ய முடியும் என்றே நினைப்பதில்லை.

ஆனால் 'டபுள் கிளிக் செய்தால் ஓடுகிறதே' என்று கேட்டீர்கள் பாருங்கள், அது நல்ல கேள்வி. அதே விண்டோஸில் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் வேறு வழியில் வேலை செய்கிறது. பெயரின் கடைசியில் உள்ள எக்ஸ்டென்ஷனைப் பார்த்து, இந்த எக்ஸ்டென்ஷன் வீடியோ, இது படம், இது டாக்குமெண்ட் என்று ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் இடத்தில், ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. எக்ஸ்ப்ளோரரில் சி டிரைவைத் திறந்து, தேடும் பெட்டியில் ஆங்கிலத்தில் 'கைண்ட்' என்று அடித்து, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 'வீடியோ' என்று அடியுங்கள். எந்த மூலையில் இருந்தாலும் உங்கள் எம்டிஎஸ், எம்பி4 எல்லாம் வந்து நிற்கும், கொஞ்ச நேரம் எடுக்கும், பொறுமையாக இருங்கள். ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு கணக்குப்பிள்ளைகள், ஒருவர் விலாசத்தைப் பார்க்கிறார், இன்னொருவர் பெயரைப் பார்க்கிறார். இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

சிஸ்டம் அண்ட் ரிசர்வ்டு 58 என்பதையும் கிளிக் செய்து பாருங்கள். அதில் விண்டோஸ் தவிர, ரேமுக்கு உதவியாக எழுதிவைக்கும் பேஜ்ஃபைல், லேப்டாப்பை உறங்கவைக்கும்போது ரேமில் இருப்பதை எழுதிவைக்கும் ஹைபர்னேஷன் ஃபைல், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரீஸ்டோர் பாயிண்ட், அப்டேட்டுக்காக ஒதுக்கிவைத்த இடம் எல்லாம் சேர்ந்திருக்கும். ஹைபர்னேஷன் ஃபைல் வழக்கமாக ரேமில் 40 சதவீதம், 16 ஜிபி ரேம் என்றால் 6.4 ஜிபி. அப்டேட்டுக்கான ஒதுக்கீடு 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து தொடங்கியது, ஏறக்குறைய 7 ஜிபி. இவை ஒன்றும் உங்கள் கண்ணுக்குத் தெரியும் ஃபோல்டர் எதிலும் இருக்காது, அதனால்தான் ஃபோல்டர்களைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது.

512 விஷயம்: விற்பவர் கணக்கில் ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடிக்கு மேல் வருவதை ஒரு ஜிபி என்கிறது. 512-ஐ அப்படி வகுத்தால் 476.8 வரும், விண்டோஸைச் சரிசெய்ய ஒதுக்கிய ரெக்கவரி பார்ட்டிஷன் போன்றவை போக 475. யாரும் உங்களை ஏமாற்றவில்லை, ஒரு பைட்டும் காணாமல் போகவில்லை. மேக்கில் 2009-இலேயே 1000 கணக்குக்கு மாறிவிட்டார்கள், அதே டிரைவை அங்கே மாட்டினால் 512 என்றே காட்டும்.


மின்னல்காமிரா எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்னபடி 9 ஜிபி ஃபைல் ஒன்றை மாற்றிப் பார்த்தேன். வீடியோஸ் 21 ஆகிவிட்டது, அதர் 205. மனசு லேசானது. ஆனால் ஃபோன் மட்டும் எப்படிச் சரியாகச் சொல்கிறது? அதிலும் நான் வீடியோவை எங்கெங்கோதான் போட்டுவைத்திருக்கிறேன்.


பச்சைரோபோ எழுதியது:

ஃபோன் சரியாகச் சொல்கிறது என்று யார் சொன்னது நண்பரே, அதுவும் ஒரு வகையில் ஊகம்தான், ஊகிக்கும் முறைதான் வேறு.

ஆண்ட்ராய்டில் பொதுச் சேமிப்பில் ஒரு ஃபைல் உருவாகும்போதே அதன் எக்ஸ்டென்ஷனை வைத்துப் படம், வீடியோ, ஆடியோ என்று ஒரு முத்திரை குத்திவிடுவார்கள். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8-இலிருந்து இந்த முத்திரை வாரியான கூட்டலை, ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கி நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டத்தின் கோட்டா வசதியே (யார் எவ்வளவு இடம் எடுத்தார்கள் என்று கணக்கு வைப்பது) உடனுக்குடன் வைத்துக்கொள்கிறது. அதற்கு முன்னால் ஸ்டோரேஜ் பக்கம் திறந்தால் 'கணக்கிடுகிறது' என்று நெடுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும், ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு ஃபோல்டராக நடந்து போய்க் கூட்டிக்கொண்டிருந்ததால் வந்த தாமதம் அது. இப்போது திறந்தவுடன் எண் வந்துவிடுகிறது, ஏனென்றால் கூட்டல் ஏற்கெனவே முடிந்து தயாராக இருக்கிறது. இது உண்மையிலேயே அழகான வேலை என்று நினைக்கிறேன், கல்யாண வீட்டில் மொய் வாங்கும்போதே நோட்டில் வரவு எழுதிக்கொண்டே போவது மாதிரி, கடைசியில் உட்கார்ந்து கவரை எண்ண வேண்டியதில்லை.

ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. படம் பார்க்கும் ஆப் ஒன்றில் நீங்கள் ஆஃப்லைனுக்காக இறக்கிவைத்த சினிமா, வீடியோ கணக்கில் வராது, அந்த ஆப்பின் கணக்கில் போய்விடும், ஏனென்றால் அது அந்த ஆப்பின் சொந்த இடத்தில் இருக்கிறது. இங்கே எக்ஸ்டென்ஷன் தோற்று இடம் ஜெயிக்கிறது, உங்கள் லேப்டாப் மாதிரியே. வாட்ஸ்அப்பின் அரட்டை பேக்கப் ஃபைலோ பூட்டிய டேட்டாபேஸ், படமும் இல்லை வீடியோவும் இல்லை, எந்தப் பெட்டியிலும் சேராமல் நிற்கும். அப்புறம் ஒரு ஃபோல்டரில் புள்ளி வைத்து 'நோமீடியா' என்ற பெயரில் ஒரு வெற்று ஃபைல் கிடந்தால் அந்த ஃபோல்டரில் உள்ள எதுவும் காலரியில் வராது. காலரியில் இல்லை, ஆனால் இடம் மட்டும் போகிறது என்று புலம்புபவர்கள் முதலில் அதைப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய வீடியோக்களின் ஃபோல்டரில் அந்த ஃபைல் உட்கார்ந்திருக்கும், திறந்து பாருங்கள், மலைத்துப்போவீர்கள்.


பெங்குவின்பித்தன் எழுதியது:

எல்லாரும் இடம், பெயர் என்றே பேசுகிறீர்கள். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, உள்ளே திறந்து பார்ப்பது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

யூனிக்ஸ் என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் 'ஃபைல்' என்றே ஒரு கட்டளை உண்டு, 1973-இல் யூனிக்ஸ் நான்காம் பதிப்பில் வந்தது, இன்றைக்கும் கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் மேக்கிலும் இருக்கிறது. அது பெயரை நம்பாது. ஃபைலின் முதல் சில பைட்டுகளைப் படித்து, தன் கையிலிருக்கும் அடையாளப் பட்டியலோடு ஒப்பிடும். பிடிஎஃப் என்றால் சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற மூன்று எழுத்தும் முதலிலேயே இருக்கும். ஜிப் ஃபைல் 'பிகே' என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும், அது அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரெழுத்து. வேர்டு ஃபைல், எக்ஸெல் ஃபைல், ஆண்ட்ராய்டு ஆப், ஈபப் புத்தகம் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தால் இதே 'பிகே'தான், எல்லாமே உள்ளுக்குள் ஜிப். ஆக முதல் இரண்டு பைட்டோடு நிறுத்தினால் உங்கள் கல்யாணப் பத்திரிகை வேர்டு ஃபைலும் ஒரு கேம் ஆப்பும் ஒரே வகை என்று ஆகிவிடும், இன்னும் உள்ளே போனால்தான் தெரியும். எம்பி4-உம் ஐஃபோன் படமான ஹெய்க்கும் அப்படித்தான், இரண்டுக்கும் தொடக்கம் ஒரே அமைப்பு, அதற்கு அடுத்து வரும் நான்கெழுத்துக் குறியைப் பார்த்துத்தான் இது படம், இது வீடியோ என்று பிரிக்க வேண்டும்.

உங்கள் எம்டிஎஸ் ஃபைல் இருக்கிறதே, அது 2006-இல் சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த ஏவிசிஎச்டி வகை. அதற்கு அடிப்படையான டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் என்பது 188 பைட் 188 பைட்டாக நறுக்கிய துண்டுகளின் வரிசை, ஒவ்வொரு துண்டும் ஆங்கில 'ஜி' எழுத்துக்குரிய பைட்டில் தொடங்கும். கேமரா ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் நேரக்குறிப்பாக 4 பைட் சேர்த்து 192 ஆக்கிவிடுகிறது. ஒரு ஃபைலை எடுத்து 192 பைட்டுக்கு ஒருமுறை 'ஜி' வருகிறதா என்று பார்த்தால், பெயரே இல்லாவிட்டாலும் இது இந்த வகை வீடியோ என்று சொல்லிவிடலாம்.

அப்படியானால் ஸ்டோரேஜ் பக்கம் ஏன் இப்படிச் செய்வதில்லை? நேரம்தான் காரணம். ஐந்து லட்சம் ஃபைல் இருக்கிறது என்று வையுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒவ்வொன்றையும் திறந்து எட்டிப்பார்க்க 10 மில்லிசெகண்ட் என்றாலும் 5000 செகண்ட், கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். பெயரும் அளவும் இருக்கும் இடமும் ஃபைல் சிஸ்டத்தின் பதிவேட்டிலேயே எழுதியிருக்கின்றன, எதையும் திறக்காமல் அந்தப் பதிவேட்டை மட்டும் மடமடவென்று படித்துவிடலாம். விண்டோஸில் விஸ்ட்ரீ என்ற மென்பொருள் சில நொடிகளில் முழு டிரைவையும் காட்டுவது இப்படித்தான், அது விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸின் மாஸ்டர் டேபிளை, அதாவது அந்தப் பதிவேட்டை, நேரடியாகப் படிக்கிறது. உங்களுக்கு நான் சொல்வதும் அதுதான், விஸ்ட்ரீ அல்லது விண்டிர்ஸ்டாட் போடுங்கள், இரண்டுமே எக்ஸ்டென்ஷன் வாரியாகவும் ஃபோல்டர் வாரியாகவும் கூட்டிக் கட்டங்கட்டமாக நிறம் போட்டுக் காட்டும். அவை காட்டத்தான் செய்யும், தாமாக எதையும் அழிக்காது.

அந்தக் கட்டப் படம் பிறந்த கதையும் உங்கள் கதைதான். 1990-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் 80 எம்பி டிஸ்க் ஒன்றை 14 பேர் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். அது நிரம்பிக்கொண்டே இருந்தது, யார் ஃபோல்டர் இடத்தைத் தின்கிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்று யோசித்துத்தான் அந்த ட்ரீமேப்பை உருவாக்கினார். இப்போது பங்குச் சந்தை நிலவரத்துக்குக்கூட அதைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் தொடங்கியது டிஸ்க் நிரம்பிய கவலையில்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தப் படத்தில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்று பெரிதாக ஒன்று தெரியலாம், அதில் கை வைக்காதீர்கள். அதில் உள்ள பல ஃபைல்கள் ஹார்டு லிங்க், அதாவது ஒரே ஃபைலுக்கு இரண்டு இடத்தில் பெயர். பெயர் பெயராக எண்ணினால் இரண்டு முறை கணக்கில் வரும், டிஸ்க்கில் இருப்பதோ ஒன்றுதான்.


வரிவரியாக எழுதியது:

பெங்குவின் சார் சொன்னதற்கு ஒரு சின்ன ஒட்டு. நான் டைப்ஸ்கிரிப்ட்டில் நிரல் எழுதுகிறேன், அதன் எக்ஸ்டென்ஷன் 'டிஎஸ்'. டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் வீடியோவுக்கும் அதே 'டிஎஸ்'. ஒரு புது லேப்டாப்பில் என் ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்தபோது நான் எழுதிய நிரல் ஃபைல்கள் எல்லாம் வீடியோ ஐகானோடு நின்றன, டபுள் கிளிக் செய்தால் பிளேயர் திறந்து ஓட்ட முடியவில்லை என்றது. 2012-இல் அந்த மொழி வந்தபோது பழைய பெயரோடு மோதியதால் வந்தது இது. இப்போது அதே மொழியில் 'எம்டிஎஸ்' என்றும் ஒரு எக்ஸ்டென்ஷன் வந்துவிட்டது, உங்கள் கேமராவின் அதே பெயர். ஆகவே எக்ஸ்டென்ஷன் வாரியான பட்டியலைப் பார்த்து எதையாவது மொத்தமாக அழிக்கும் முன் ஒன்றிரண்டைத் திறந்து பாருங்கள்.


ஆற்றோரம் எழுதியது:

திறந்து பாருங்கள் என்று அவர் சொன்னதை நானும் சொல்ல வந்தேன், எனக்கு நடந்ததால் சொல்கிறேன். பழைய பட்டன் ஃபோனில் எங்கள் தாத்தா பேசியதைப் பதிவு செய்து வைத்திருந்தேன், குலசாமி கோயில் கதை, அவர் சின்ன வயதில் மாட்டு வண்டியில் சந்தைக்குப் போனது எல்லாம். அந்த ஃபோன் ஒலிப்பதிவையும் '3ஜிபி' (3gp, இடத்தை அளக்கும் ஜிபி இல்லை) என்ற எக்ஸ்டென்ஷனில்தான் சேமிக்கும், அந்த வடிவத்தில் வெறும் ஒலியும் இருக்கலாம், வீடியோவும் இருக்கலாம். புது ஃபோனுக்கு மாற்றியபோது அவை வீடியோ கணக்கில் போய், படம் இல்லாததால் கறுப்புக் கட்டமாகத் தெரிந்தன. கெட்டுப்போன வீடியோ என்று நினைத்துச் சேர்த்து அழித்துவிட்டேன். மாதங்கள் கழித்துத்தான் அவை என்னவென்று ஞாபகம் வந்தது. தாத்தா இப்போது இல்லை. மொத்தம் சில எம்பிதான் இருக்கும், இடத்துக்காக அழித்தேன் என்று சொல்லக்கூட முடியாது.

மின்னல்காமிரா, உங்களிடம் இருப்பது அடுத்தவர் வீட்டுக் கல்யாணம். முதலில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள், பிறகு மற்றதைப் பாருங்கள்.


மின்னல்காமிரா எழுதியது:

ஆற்றோரம், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தட்டத் தோன்றவில்லை. நீங்கள் சொன்னபடி முதல் வேலையாக நேற்றே ஒரு 2 டிபி டிஸ்க் வாங்கி வொர்க்ஸ் முழுவதையும் நகல் எடுத்துவிட்டேன், ஒவ்வொரு கல்யாணத்திலும் இரண்டு கிளிப் திறந்து ஓட்டியும் பார்த்தேன்.

இனிக் கணக்கு. நான் முதலில் சொன்ன அதர் 214-ஐ விஸ்ட்ரீ வைத்துப் பிரித்தேன். வொர்க்ஸ் 131. பழைய ஃபோனிலிருந்து எடுத்து மறந்தே போன ஒரு பேக்கப் 38. எடிட்டிங் மென்பொருளை நிறுவும்போது கேஷ், அதாவது வேகத்துக்காகத் தானே தற்காலிகமாக எழுதிவைக்கும் ஃபைல்களை, எங்கே வைக்கட்டும் என்று கேட்டது, சி டிரைவில் ஒரு ஃபோல்டர் காட்டியிருந்தேன், அது 33. மிச்சம் 12 அங்கங்கே சில்லறை. கேஷில் நான் கேள்விப்படாத எக்ஸ்டென்ஷன்கள்தான் கிடந்தன, ஆனால் எந்த வீடியோவுக்கு எது என்று மென்பொருளுக்கே தெரியுமாம், அதன் செட்டிங்ஸுக்குள் போய் அங்கிருந்தே அழித்தேன். பழைய ப்ராஜெக்ட் ஒன்றைத் திறந்தேன், கொஞ்ச நேரம் ஒலியின் அலைவடிவத்தைத் திரும்ப வரைந்துகொண்டது, பிறகு வழக்கம்போல ஓடியது.

ஃபோன் பேக்கப்பையும் புது டிஸ்க்குக்கு மாற்றிவிட்டேன், திறந்து பார்க்காமல் அழிக்க இப்போது கை வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறேன். 33-உம் 38-உம் சேர்ந்து 71 ஜிபி கிடைத்தது, முன்பு மிச்சமிருந்த 34-உடன் இப்போது 105 காலி. ரிசப்ஷன் வீடியோ எக்ஸ்போர்ட் ஆகிக்கொண்டிருக்கிறது, 62 சதவீதம் தாண்டிவிட்டது.

வட்டுக்காவலன் அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். வொர்க்ஸ் ஃபோல்டரை மொத்தமாக வீடியோஸுக்குள் மாற்றிவிட்டால் கணக்கு ஒழுங்காகத் தெரியும், ஆனால் பழைய ப்ராஜெக்டுகள் எல்லாம் கிளிப் காணவில்லை என்று சொல்லுமா?


வட்டுக்காவலன் எழுதியது:

சொல்லும் தம்பி. ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் கிளிப்பின் விலாசம்தான் எழுதியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் திரும்ப வழி காட்ட வேண்டிவரும். வொர்க்ஸ் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், 'அதர்' என்று காட்டினால் காட்டிவிட்டுப் போகட்டும். அடுத்த கல்யாணத்திலிருந்து புது ஃபோல்டரை வீடியோஸுக்குள் போடுங்கள்.